கூடாரத்தின் கீழே மூடி

அத்தியாயம் பதினொன்று

மரச் சட்டத்தில் கம்பளி போர்த்திய வட்டக் கூடாரம் போட சொவெத்பெக் இடம் பார்த்த அழகைப் போன வாரம் பார்த்தோம். தெருவில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்க வேண்டும். வட்டாரத் தலைவர் காரை விட்டு இறங்கியதும் அவர் கண்ணில் பட வேண்டும். அப்படிப் பார்த்தால் முற்றத்தில் தோதான இடம் ஒன்றுதான் இருந்தது. அது செப்டிக் டேங்க்குக்கு நேர் மேலே இருந்தது.

"மேல கம்பளம் விரிச்சுட்டா கீழ என்ன இருக்குன்னு எவனுக்குத் தெரியப்போகுது?" என்றார் அவர்.

"டேங்க்க ஒரு தரம் காலி பண்ணிட்டு அப்புறம் போடலாமேண்ணே" என்று தம்பி எர்மெக் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அப்பாவோட வருஷ விருந்துக்கு முன்னாடி அந்த நாத்தம் புடிச்ச வண்டி நம்ம வாசல்ல நிக்கணுமா?" என்று ஒரே போடாகப் போட்டார் அண்ணன். எர்மெக் வாயை மூடிக்கொண்டான். வாயை மூடிக்கொள்வது அவனுக்குப் புதிதல்ல.

அப்பா இறந்து ஒரு வருஷம் முடிகிற அந்த விருந்து இன்றுதான்.

விடிந்ததும் சமையலறை சிங்க் பெரிதாக ஒரு ஏப்பம் விட்டது. எர்மெக்கின் மனைவி புருல் எட்டிப் பார்த்தாள். வடிகாலிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் மேலே வந்துகொண்டிருந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்புக் கட்டிகள் மிதந்தன. அவளுக்குப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துவிட்டது.

நேற்று குதிரை அறுத்தார்கள். குடல் கழுவும் பொறுப்பை சொவெத்பெக்கின் மனைவி ராயா எடுத்துக்கொண்டாள். "அக்கா, கொழுப்புத் தண்ணிய சிங்க்ல ஊத்தாதீங்க, இந்தக் குளிருக்குக் குழாய்ல உறைஞ்சுரும்" என்று புருல் இரண்டு தடவை சொன்னாள். "வெந்நீர்தானே ஊத்துறேன், உருகிப் போயிரும்" என்றாள் ராயா. வீட்டுக்குள் இருக்கிறவரைதான் அது வெந்நீர். மண்ணுக்குள் போய்விட்டால் பிஷ்கெக்கின் நவம்பர் அதைப் பார்த்துக்கொள்ளும் என்பது ராயாவுக்குத் தெரியாதா? தெரியும். தன் வீட்டுச் சிங்க்காக இருந்திருந்தால் நன்றாகவே தெரிந்திருக்கும்.

ஊர் ஓரத்துக் குடியிருப்பு இது. நகராட்சிச் சாக்கடை இந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வீடு சிமெண்ட் உறை இறக்கிய குழிதான். அப்பா கட்டிய வீடு வழக்கப்படி கடைசி மகன் எர்மெக்குக்கு வந்தது. வீட்டோடு குழியும் வந்தது. குழியோடு வந்த பழிச்சொல் முழுவதும் புருலுக்கு வந்தது.

ஆறு மாதம் தாங்கிக்கொண்டிருந்த குழி, இரண்டு வருஷமாக இரண்டு மாதத்தில் நிரம்புகிறது. ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிப்பானேன், வீட்டில் ஒரு மருமகள் இருக்கும்போது? "தண்ணிய என் மருமக மாதிரி செலவழிக்க இந்தத் தெருவுல ஆள் கிடையாது" என்று மாமியார் சோனுன் அண்டை வீடுகளில் சொல்லிவைத்தாள். புருல் தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த துணி துவைக்கும் இயந்திரம் இப்போது ஊறுகாய் பாட்டில் வைக்கும் மேஜையாக இருக்கிறது. குழந்தைகள் இரண்டும் வாரத்துக்கு ஒரு தடவை ஒரே தண்ணீரில் குளிக்கின்றன. அவளோ பனிக்காலத்தில்கூடத் தெருக்குழாயடியில் கை மரத்துப்போகத் துணி அலசுகிறாள்.

இன்றைக்கும் அதே பாட்டுத்தான். சோனுன் சமையலறை வாசலில் வந்து நின்றாள். வருஷம் முழுக்கத் துக்கத்துக்குக் கட்டியிருந்த கறுப்புத் துணியை இன்று காலைதான் அவிழ்த்து, வெள்ளைத் தலைத்துணி கட்டியிருந்தாள். முகம் மட்டும் மாறவில்லை.

"ரொப்பிட்டியா?"

"இது அடைப்பு அத்தே. நேத்து குடல் கழுவின கொழுப்பு."

"குடலு வருஷத்துக்கு ஒரு நாளுதான் கழுவுறோம். நீ தெனமும் கழுவுறியே."

புருல் வாளியை எடுத்து, சிங்க்கில் ஏறிய தண்ணீரை மொண்டு தோட்டத்தில் கொண்டுபோய்க் கொட்ட ஆரம்பித்தாள். உள்ளே கொதித்தது. ஆனால் அறுபது பேர் சாப்பிட வரும் நாளில் அதைக் காட்ட முடியுமா?

பத்து மணிக்குள் கக்கூஸும் பொங்கிவிட்டது. எர்மெக் சுருள் கம்பியைக் குழாய்க்குள் விட்டுத் திருகு திருகு என்று திருகினான். பாதி தூரம் போய்க் கம்பி வளைந்துகொண்டது. உருவியபோது நுனியில் மெழுகுபோலக் கொழுப்பு ஒட்டியிருந்தது.

அப்போதே விருந்தாளிகள் வரத் தொடங்கிவிட்டார்கள். பெரியவர்கள் கூடாரத்துக்குள் போய், வாசலுக்கு எதிர்ப்பக்கம், மெத்தைகள் அடுக்கியிருந்த மரியாதை இடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். டேங்க்கின் மூடி சரியாக அவர்கள் உட்கார்ந்த இடத்துக்குக் கீழேதான் இருந்தது. நரைத்த தாடிகள் அத்தனையும் அதன்மேல் உட்கார்ந்து இறந்தவரின் நற்குணங்களைப் பேசிக்கொண்டிருந்தன. புருலுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையும் வந்தது.

சொவெத்பெக் புதுக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாகப் பின்கட்டுக்கு வந்தார். தம்பியைத் தோளில் கைபோட்டு ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"இங்க பாரு. இப்ப இமாம் ஓதி முடிச்சதும் எல்லாரையும் வீட்டுக்குள்ள சாப்பாட்டுக்கு உக்கார வெச்சிடறேன். கூடாரம் காலியாயிடும். கதவை மூடிக்குவோம். கம்பளத்தைச் சுருட்டி, மூடியத் தூக்கி, நீ உள்ள எறங்கி அந்தக் குழாய் வாய மட்டும் குத்தி விட்டுரு. அரை மணி வேலை. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

"வண்டிய வரச் சொன்னா..."

"வண்டி வந்தா குழாய எங்க விடுவான்? கூடாரத்தப் பிரிக்கணும்பான். சாப்பாட்டுக்கு அப்புறம் கடைசி ஓதல் முடியாம கூடாரத்தப் பிரிக்கலாமாடா? வட்டாரத் தலைவர் வேற வந்து உக்காந்திருக்காரு. அவரு மூக்குக்கு நேரா அதை உறிஞ்சுவியா?"

"அதுவரைக்கும் கக்கூஸுக்கு விருந்தாளிங்கள மதிலுக்கு அந்தப் பக்கம் உங்க குளியல் வீட்டுக்கு அனுப்பினா..."

"அங்க நாரின்லேருந்து வந்த சொந்தக்காரங்க குளிச்சிட்டிருக்காங்க. நிக்க இடமில்ல. சொல்றதச் செய்."

"சரிண்ணே."

வாளியோடு வந்த புருல் அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டாள். சொவெத்பெக் நகரும்வரை காத்திருந்து, கணவனின் சட்டைக் கையைப் பிடித்து விறகுக் குவியலுக்குப் பின்னால் இழுத்தாள்.

"எதுக்குச் சரின்னீங்க?"

அவன் சொன்னான்.

"மூடின கூடாரத்துக்குள்ளயா? ரெண்டு மாசமா காத்தே படாத குழிக்குள்ளயா?"

"ரெண்டு நிமிஷம்தான். மூச்சப் புடிச்சுக்கிட்டு எறங்கிட்டு ஏறிடுவேன். இடுப்புல கயிறு கட்டிக்கறேன்."

"தோக்மோக்ல எங்க சித்தப்பா இதேதான் சொன்னாரு. அவரு எறங்கினாரு. கூப்பிட்டதுக்குப் பதில் இல்லன்னு அவரோட மச்சினன் எறங்கினாரு. ரெண்டு பேரையும் கொக்கி போட்டுத் தூக்கினாங்க. நான் பாத்தேன். மூஞ்சில ஒரு கீறல் இல்ல. தூங்கற மாதிரி இருந்தாங்க."

"அது பெரிய குழியா இருக்கும்."

"இதைவிடச் சின்னது."

கெட்டவன் அல்ல எர்மெக். மினிபஸ் ஓட்டுகிறான், குடிப்பதில்லை, பிள்ளைகள் தூங்கினால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறவன். ஆனால் அண்ணன் என்று ஒரு சொல் வந்துவிட்டால் அவனுக்குள் எலும்பு இருப்பதே தெரியாது.

"அண்ணன் சொல்லியாச்சு புருல். அப்பாவுக்கு அப்புறம் அவருதானே? இன்னைக்குப் போயி அவரோட மல்லுக்கு நிக்கச் சொல்றியா?"

"சாகச் சொன்னா?"

அவன் விறகுக் கட்டில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். அதுதான் அவளைச் சுட்டது. இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அவள் ஃபோனை எடுத்து வலேராவைக் கூப்பிட்டாள். இந்தப் பக்கத்துக் குழிகளையெல்லாம் உறிஞ்சிக் காலி செய்கிற லாரி ஓட்டுகிறவன். இதுவரை அவனை எர்மெக்தான் கூப்பிடுவான், எர்மெக்தான் பக்கத்தில் நின்று மூடியைத் திறந்து மூடுவான். வண்டி வந்தால் பெண்கள் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வதுதான் வழக்கம்.

"வரேன் தாயி, பக்கத்துலதான் இருக்கேன். ஆனா மூடிமேல கூடாரமா?" வலேரா விழுந்து விழுந்து சிரித்தான். "முப்பது வருஷமா இந்தத் தொழில் பாக்கறேன், சோளம் காயப்போட்டிருப்பான், நாய்க்கூண்டு வெச்சிருப்பான். செத்தவருக்குக் கூடாரம் போட்டத இப்பத்தான் கேள்விப்படறேன்."

"எங்க வீட்டுக்காரர எறக்கப் பாக்கறாங்க."

சிரிப்பு நின்றது. "எறக்காதீங்க. சும்மா சொல்லல. பின்பக்கத்துக் கம்பளிய எடுத்து, ஒரு சட்டத்த அவுத்து விடுங்க. குழாய நான் மேலேருந்து விடறேன். ஆள எறக்கினா நான் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிடுவேன். போலீஸ்ல நிக்க எனக்கு நேரமில்ல."

இமாம் ஓதி முடித்தார். எல்லோரும் கைகளால் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். சொவெத்பெக் தேனொழுகப் பேசி எல்லோரையும் வீட்டுக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார். குதிரைக்கறித் தட்டுகள் உள்ளே போயின. பரிமாற வேண்டிய புருல், கையிலிருந்த தட்டை ராயாவிடம் கொடுத்துவிட்டு முற்றத்தில் இறங்கினாள். ராயா என்னவோ கேட்டாள். இவள் காதில் விழவில்லை.

கூடாரக் கதவு சாத்தியிருந்தது. தள்ளிக்கொண்டு நுழைந்தாள்.

மெத்தைகள் ஓரமாகத் தள்ளிக் கிடந்தன. கம்பளம் சுருட்டியாகிவிட்டது. சொவெத்பெக் கோட்டைக் கழற்றாமல், கயிற்றின் ஒரு நுனியை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு நின்றார். மறுநுனி எர்மெக்கின் இடுப்பில் இருந்தது. அவன் குனிந்து மூடியின் வளையத்துக்குள் கடப்பாரையை நுழைத்துக்கொண்டிருந்தான்.

புருல் நேராகப் போய் மூடியின்மேல் உட்கார்ந்தாள். சப்பணம் போட்டு, பாவாடையைச் சரிசெய்துகொண்டு, விருந்துக்கு வந்தவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"எந்திரி" என்றார் சொவெத்பெக்.

"வண்டி வருது. பின்பக்கத்தப் பிரிச்சுடலாம்."

"யாரு வரச் சொன்னது? எர்மெக், உன் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போடா."

எர்மெக், "புருல், எந்திரிம்மா" என்றான். சத்தமே வரவில்லை.

"மாட்டேன்."

"இதப் பாரு பொண்ணே. என் தம்பி, எங்க அப்பன் வீடு, எங்க குழி. எறங்கறதும் ஏறறதும் எங்க விஷயம். இதுல உனக்கு என்ன பேச்சு? எந்திரின்னா எந்திரி."

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த ஒன்பது வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"அவ்வளவு சுலபமான வேலைன்னா நீங்களே எறங்குங்க, சொவெத்பெக்."

கணவனின் மூத்தவர்கள் பெயரை மருமகள் வாயால் சொல்வது இந்த ஜனங்களிடம் கிடையாது. அவர்கள் செத்த பிறகும் கிடையாது. 'பெரிய வீட்டவர்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். புருல் முழுப்பெயரையும், கடையில் சாமான் கேட்கிறவள்போலச் சொல்லிவிட்டாள்.

சொவெத்பெக்கின் காது மடல் சிவந்தது. "என்னடி சொன்னே?"

"பேரச் சொன்னா." குரல் வாசலிலிருந்து வந்தது. சோனுன் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. "எனக்கும் கேட்டுது."

இனி ஒன்றும் மிச்சமில்லை என்று புருல் நினைத்தாள். இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இன்றைக்கே தாய்வீட்டுக்கு, தோக்மோக் பஸ் ஏற வேண்டியதுதான். ஆனாலும் மூடியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சோனுன் மெல்ல உள்ளே வந்தாள். சுருட்டிய கம்பளத்தைப் பார்த்தாள். கடப்பாரையைப் பார்த்தாள். சின்ன மகனின் இடுப்புக் கயிற்றையும், அது போய் முடிகிற பெரிய மகனின் கையையும் பார்த்தாள்.

"எர்மெக், கயித்த அவுரு."

"அம்மா, கடைசி ஓதல் இன்னும் முடியல" என்றார் சொவெத்பெக். "அதுக்குள்ள கூடாரத்தப் பிரிச்சா வீட்டுல இன்னொரு சாவு விழும்னு நீங்கதானே சொல்வீங்க?"

"இவன எறக்கினா மட்டும் விழாதா?"

சோனுன் மருமகள் பக்கம் திரும்பினாள். முகத்தில் கனிவு கினிவு எதுவும் இல்லை.

"பின்பக்கத்து முடிச்சு நீ போட்டதா, ராயா போட்டதா?"

"நான்தான் அத்தே."

"அப்ப நீயே போயி அவுரு. அவ போட்டிருந்தா அறுக்கத்தான் வேணும்."

கூடாரம் கட்டுவதும் பிரிப்பதும் பெண்கள் வேலை. ஆண்கள் பாரம் தூக்கலாம், ஆனால் முடிச்சு பெண்களுடையது. மாமியாரும் மருமகளும் வெளியே போய், ஒருத்தி இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் நின்று கயிற்றைத் தளர்த்தினார்கள். கம்பளி சரிந்து விழுந்தது. பின்னல் சட்டம் ஒன்றை அவிழ்த்து நகர்த்தினார்கள். வருஷ விருந்துக் கூடாரத்தின் முதுகு பட்டப்பகலில் திறந்துகொண்டது.

வீட்டு ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. வலேராவின் லாரி தெருவை அடைத்துக்கொண்டு பின்னால் வந்து, முற்றத்து வாசலில் உறுமியது. சொவெத்பெக் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அவர் பயந்ததுபோல் வட்டாரத் தலைவரும் வெளியே வந்தார். பல் குத்திக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். "எங்க வீட்டுலயும் போன பண்டிகைக்கு இதே கூத்துத்தான்" என்று சொல்லிவிட்டு, மீதிக் கறியைச் சாப்பிட உள்ளே போனார். சொவெத்பெக் கட்டிக்காத்த மானம் அவ்வளவுதான். இதற்காகத்தானா ஒரு மனிதனை உயிரோடு குழிக்குள் இறக்கப் பார்த்தார்கள்?

மூடியைத் திறந்ததும் வலேரா எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னான். குழாயை இறக்கினான். லாரி உறிஞ்சியது. குழிக்குள் மட்டம் கடகடவென்று இறங்கியது. பிறகு வளைந்த இரும்புக் கம்பியை மேலிருந்தே விட்டு, வீட்டுக் குழாயின் வாயைக் கிளறினான். முழங்கை கனத்துக்கு ஒரு கொழுப்புக் கட்டை பொத்தென்று விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து ராயா, "சிங்க் போயிருச்சு, தண்ணி எறங்கிருச்சு" என்று கத்தினாள்.

"போதும், போதும், மூடு" என்று சொவெத்பெக் அவசரப்படுத்தினார். தானே மூடியைத் தூக்கக் குனிந்தார். புதுக் கோட்டைப் பற்றிக்கூட அவருக்குக் கவலை இல்லை.

"இருங்க, கழுவி விடறேன்" என்றான் வலேரா. "இந்தக் குழாய்லதான் அடைப்பு. அந்தக் குழாய் நல்லாத்தான் ஓடுது."

"எந்தக் குழாய்?" என்றாள் புருல்.

"அதான் தாயி, மதில் பக்கத்துலேருந்து வருதே. எப்பவும் ரெண்டு குழாய்தானே இங்க?"

புருல் விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இந்தக் குழிக்குள் அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஒரு பக்கம் அவர்கள் வீட்டுக் குழாய். எதிர்ப்பக்கம், மதில் இருக்கிற பக்கத்திலிருந்து, அதைவிடப் பெரிய குழாய் ஒன்று. அதிலிருந்து சோப்பு நுரையோடு வெந்நீர் ஆவி பறக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. நுரையில் பிர்ச் மரத்து இலைகள் மிதந்தன. குளியல் வீட்டில் முதுகில் அடித்துக்கொள்கிற தழை அது. புருலின் வீட்டில் அதை யாரும் தொட்டதுகூடக் கிடையாது.

மதிலுக்கு அந்தப் பக்கம், சொவெத்பெக் காசு வாங்கிக் குளிக்கவிடும் வாடகைக் குளியல் வீட்டில் நாரின் சொந்தக்காரர்கள் சிரித்துக்கொண்டே தண்ணீரை வாரி ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அந்தக் குளியல் வீட்டைத் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

இரண்டு வருஷம். தெருக்குழாயடி, மரத்துப்போன விரல்கள், ஒரே வாளித் தண்ணீரில் இரண்டு குழந்தைகள். 'என் மருமக மாதிரி செலவழிக்க ஆள் கிடையாது.'

சோனுனும் வந்து குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து பெரிய மகனைப் பார்த்தாள். சொவெத்பெக் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்.

புருல் அவரைப் பார்த்துத் திரும்பினாள். நாக்கு நுனியில் நூறு வார்த்தைகள் இருந்தன. அப்போதுதான் பக்கத்தில் நின்ற எர்மெக்கின் முகம் கண்ணில் பட்டது.

அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை.

சொவெத்பெக்கை விட்டுவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

எர்மெக் காலடியில் கிடந்த கடப்பாரையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"தெரிஞ்சும் உங்க அம்மா என்னைத் திட்டுறப்ப பக்கத்துல உக்காந்து டீ குடிச்சீங்க."

"அண்ணன் வெளிய சொல்ல வேணாம்னாரு, புருல்."

"எப்பத்திலேருந்து தெரியும்?"

அவன் மதில் பக்கம் கை காட்டினான். பிறகு, "அந்தக் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டினதே நான்தான்" என்றான்.